கட்டுரையை அனுப்பியாச்சு, பதில் எப்போ வரும்? ஆய்விதழ்கள் சொல்லும் நாள் கணக்கைப் படிப்பது எப்படி?

ஜர்னலுக்குக் கட்டுரை அனுப்பியவர்களுக்கு அந்த லாகின் பக்கம் நன்றாகத் தெரியும். ‘சப்மிட்டட்’ என்று ஒரு வாரம். ‘வித் எடிட்டர்’ என்று ஒரு மாசம். பிறகு ‘அண்டர் ரிவியூ’. அதற்கப்புறம் அந்த வார்த்தை மாறுவதே இல்லை. கைடைக் கேட்டால் “வரும், பொறு” என்பார். மெயில் போட்டுக் கேட்கலாமா, கேட்டால் கடுப்பாகி ரிஜெக்ட் செய்துவிடுவார்களோ என்ற பயம் வேறு.

இது வெறும் பொறுமைச் சோதனை இல்லை. ஃபெல்லோஷிப் முடியும் தேதி, ஆய்வேட்டை ஒப்படைக்கும் தேதி, உதவிப் பேராசிரியர் நேர்காணல் எல்லாம் அந்த ஒரு பதிலை நம்பி நிற்கும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிகளில், ஒரு கட்டுரைக்கு அறிவியல், பொறியியல், மருத்துவத் துறைகளில் 8 புள்ளி, மொழி, கலை, சமூக அறிவியல் துறைகளில் 10 புள்ளி என்று கணக்கே உண்டு.

அதனால் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருப்பது நல்லது. ஒரு கட்டுரையின் நேரம் ஆய்விதழுக்குள் எங்கே போகிறது? ‘முதல் முடிவு இத்தனை நாளில்’ என்று ஆய்விதழ் விளம்பரம் செய்யும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்?

இப்போது ஏன் இது முக்கியம்?

சில வருஷங்களுக்கு முன்புவரை இந்திய ஆய்வாளர்களுக்கு ஒரு சுருக்கு வழி இருந்தது. யுஜிசி 2017-இல் அங்கீகரிக்கப்பட்ட ஆய்விதழ்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் தரமற்றவை ஏராளமாக நுழைந்துவிட்டன என்ற புகார் எழுந்து, 2018 மே மாதம் 4,305 ஆய்விதழ்கள் ஒரேயடியாக நீக்கப்பட்டன. அதே ஆண்டு ‘யுஜிசி-கேர்’ என்ற புதிய ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. “கேர் லிஸ்ட்ல இருக்கா?” என்பதுதான் கைடுகள் கேட்கும் முதல் கேள்வியாக மாறியது.

2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலும் கைவிடப்பட்டது. ஆய்விதழைத் தேர்ந்தெடுப்பதற்கான அளவுகோல்களை மட்டும் யுஜிசி பரிந்துரையாகக் கொடுத்தது. எது நல்ல ஆய்விதழ் என்பதை இனி கல்வி நிறுவனங்களும் ஆய்வாளர்களும்தான் பார்த்து முடிவு செய்யணும்.

இன்னொரு மாற்றமும் உண்டு. ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிகள் எடுத்துவிட்டன. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதிகளில் அதை இன்னும் கேட்கின்றன. அழுத்தம் குறையவில்லை, பட்டியல் மட்டும் போய்விட்டது. கையில் மிஞ்சியிருப்பது ஆய்விதழ் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் விவரங்கள்தான்.

அனுப்பிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது?

பெரும்பாலான ஆய்விதழ்கள் எடிட்டோரியல் மேனேஜர், ஸ்காலர்ஒன், ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ் போன்ற மென்பொருள்களில் ஒன்றைத்தான் பயன்படுத்துகின்றன. பெயர்கள் மாறினாலும் கட்டுரை கடக்கும் படிகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் படி அலுவலகச் சோதனை. வார்த்தை எண்ணிக்கை, படங்களின் தரம், நெறிமுறைக் குழுவின் அனுமதி, நிதி விவரம், ஏற்கெனவே வெளியான எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை இங்கே பார்ப்பார்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கான 2018 கருத்துத் திருட்டு விதிகள் 10% வரை ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்கின்றன. அது நம்மூர் விதி. வெளிநாட்டு ஆய்விதழ் அதைப் பின்பற்றணும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. ஒரே பத்தி அப்படியே எடுக்கப்பட்டிருந்தால், மொத்த சதவீதம் குறைவாக இருந்தாலும் கட்டுரை திரும்பி வரலாம்.

இரண்டாவது படி தலைமை எடிட்டரின் மேசை. தலைப்பு இந்த இதழுக்குப் பொருந்துகிறதா, புதிதாக ஏதாவது சொல்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் இங்கேயே நிராகரித்துவிடுவார். இதுதான் ‘டெஸ்க் ரிஜெக்ட்’. மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும், வேகமாக வரும் டெஸ்க் ரிஜெக்ட் ஆய்வாளருக்கு ஒரு வகையில் உதவிதான். அடுத்த இதழுக்கு உடனே போகலாம்.

மூன்றாவது, கையாளும் எடிட்டர். அசோசியேட் எடிட்டர் என்பது இவரைத்தான். நேச்சர் போன்ற சில இதழ்களில் இது சம்பளத்துக்குச் செய்யும் முழுநேர வேலை. மற்ற பெரும்பாலான இதழ்களில் இவர் எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் வகுப்பு எடுத்து, விடைத்தாள் திருத்தி, மிச்ச நேரத்தில் இதைச் செய்யும் பேராசிரியர்.

நான்காவது, மதிப்பீட்டாளர்களைத் தேடுவது. ரிவியூவர் என்று நாம் சொல்பவர்கள் இவர்கள்தான். வழக்கமாக இரண்டு அல்லது மூன்று பேர் தேவை. யார் எழுதியது என்று அவர்களுக்குத் தெரிந்து, அவர்கள் யாரென்று உங்களுக்குத் தெரியாமல் இருந்தால் ஒற்றை மறைப்பு முறை. இரு பக்கமும் தெரியாவிட்டால் இரட்டை மறைப்பு முறை.

ஐந்தாவது, மதிப்பீடு. ஆறாவது, முடிவு: ஏற்பு, சிறு திருத்தம், பெரிய திருத்தம், நிராகரிப்பு. மதிப்பீட்டாளர்கள் ஓட்டுப் போடுவதில்லை, யோசனை சொல்கிறார்கள். முடிவெடுப்பது எடிட்டர். இரண்டு பேர் ‘நல்லா இருக்கு’ என்று எழுதியும் கட்டுரை நிராகரிக்கப்படுவது இதனால்தான்.

ஏற்கப்பட்ட பிறகு மொழித் திருத்தம், அச்சுக்கோப்பு, ப்ரூஃப் என்று இன்னொரு வரிசை இருக்கிறது. அது தனிக் கணக்கு.

நேரம் எங்கே போகிறது? 1936-ஆம் ஆண்டின் ஒரு நோட்டுப் புத்தகம்

இதற்கு ஒரு பழைய பதிவேடு நல்ல உதாரணம். 1936-இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் அவரது உதவியாளர் நேதன் ரோசனும் ஈர்ப்பு அலைகள் உண்மையில் இல்லை என்று வாதிடும் கட்டுரையை அமெரிக்காவின் ‘ஃபிசிக்கல் ரிவியூ’ இதழுக்கு அனுப்பினார்கள். இதழின் எடிட்டர் ஜான் டேட். கட்டுரை எங்கே எப்போது போனது என்பதை இதழ் தன் பதிவேட்டில் குறித்து வைத்திருந்தது. அறிவியல் வரலாற்றாய்வாளர் டேனியல் கென்னஃபிக் 2005-இல் எழுதிய கட்டுரையில் அந்தத் தேதிகள் வெளிவந்தன.

கட்டுரை இதழுக்கு வந்த நாள் ஜூன் 1. மதிப்பீட்டாளருக்குப் போன நாள் ஜூலை 6. அவரிடமிருந்து அறிக்கை வந்த நாள் ஜூலை 17. ஐன்ஸ்டைனுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட நாள் ஜூலை 23.

மொத்தம் 52 நாள். இதில் மதிப்பீட்டாளர் எடுத்துக்கொண்டது 11 நாள். அதற்குள் அவர் 10 பக்க அறிக்கையும் எழுதிவிட்டார். மதிப்பீட்டாளரிடம் போவதற்கு முன் இதழின் கையில் இருந்தது 35 நாள். அறிக்கை வந்த பிறகு 6 நாள்.

ஐன்ஸ்டைனுக்குக் கோபம் வந்துவிட்டது. அச்சிடுவதற்கு முன் வேறொருவரிடம் காட்ட தான் அனுமதி தரவில்லை என்று எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அன்றைக்கு எல்லாக் கட்டுரையையும் வெளியாளுக்கு அனுப்பும் வழக்கம் இல்லை. நேச்சர் இதழே 1973-இல்தான் அதை முறைப்படுத்தியது. ஆனால் மதிப்பீட்டாளர் சொன்னது சரி. ஹோவர்ட் ராபர்ட்சன் என்ற அந்த இயற்பியலாளர், பிறகு ஐன்ஸ்டைனின் அடுத்த உதவியாளர் லியோபோல்ட் இன்ஃபெல்டிடம் பேசித் தவறைப் புரியவைத்தார். 1937-இல் வேறொரு இதழில் கட்டுரை வந்தபோது முடிவு மாறியிருந்தது. ஈர்ப்பு அலைகள் இல்லை என்ற கூற்று அதில் இல்லை.

பொதுவாக இந்தக் கதையை ஐன்ஸ்டைனின் கோபத்துக்காகச் சொல்வார்கள். நம் கேள்விக்கு அதிலிருக்கும் தேதிகள்தான் முக்கியம். படித்துக் கருத்து எழுதும் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. அந்த வேலை தொடங்குவதற்குத்தான் நாள் ஆனது.

இன்றைக்கு அந்த இடைவெளி பெரும்பாலும் நான்காவது படியில், மதிப்பீட்டாளரைத் தேடும் இடத்தில் வருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கேட்கப்படும் 3 பேரில் ஒருவர்தான் ஒப்புக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2 மதிப்பீட்டாளர் கிடைக்க 6 பேரைக் கேட்கணும். எடிட்டர் ஒரு தடவைக்கு 2 பேரை அழைத்து, 10 நாள் காத்திருந்து, பிறகு அடுத்த 2 பேருக்கு அனுப்பினால், யாரும் ஒரு பக்கம்கூடப் படிக்கும் முன்பே 30 நாள் ஓடிவிடும். உங்கள் திரையில் அப்போது ‘அண்டர் ரிவியூ’ என்று இருக்கலாம். சில இதழ்களில் அழைப்பு அனுப்பினாலே அந்த வார்த்தை வந்துவிடும், யாரும் ஒப்புக்கொண்டிருக்கவேண்டிய அவசியமில்லை.

மதிப்பீட்டாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இது பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. 2021-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, உலகம் முழுக்க ஆய்வாளர்கள் 2020-இல் மட்டும் 10 கோடி மணி நேரத்துக்கு மேல் இதில் செலவிட்டிருக்கிறார்கள். வருஷக் கணக்கில் சொன்னால் சுமார் 15,000 ஆண்டுகள்.

‘5 நாளில் முதல் முடிவு’: இந்த எண் பொய்யா?

பெரும்பாலும் பொய் இல்லை. ஆனால் அது உங்கள் கேள்விக்கான பதிலும் இல்லை.

ஒரு ஆய்விதழுக்கு 100 கட்டுரை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 கட்டுரை டெஸ்க் ரிஜெக்ட் ஆகிறது, ஒவ்வொன்றுக்கும் 5 நாள். மிச்சம் 40 கட்டுரை மதிப்பீட்டுக்குப் போகிறது, ஒவ்வொன்றுக்கும் 100 நாள்.

இதன் சராசரி 43 நாள். பள்ளியில் படித்த இடைநிலை அளவு நினைவிருக்கிறதா? எல்லா எண்களையும் வரிசையாக நிறுத்தி நடுவில் இருப்பதை எடுப்பது. அது இங்கே 5 நாள். ஆக, ‘முதல் முடிவு 5 நாளில்’ என்று இந்த இதழ் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டால் அது முழுக்க உண்மை. சராசரி 43 என்று போட்டாலும் உண்மை. ஆனால் எந்த ஆய்வாளருக்கும் 43 நாளில் பதில் வராது. ஒன்று 5 நாள், இல்லை 100 நாள்.

கேட்க வேண்டியது வேறு எண்: ‘மதிப்பீட்டுக்குப் போன கட்டுரைகளுக்கு முதல் முடிவு வர எத்தனை நாள்?’ நல்ல இதழ்கள் பல இந்த இரண்டையும் தனித்தனியாகவே வெளியிடுகின்றன. ஒரே ஒரு எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருந்தால், அது எதன் நாள் கணக்கு என்று பார்க்கணும்.

இரண்டாவது எண், அனுப்பியதிலிருந்து ஏற்பு வரை ஆகும் நாள். சில எடிட்டர்கள் பெரிய திருத்தம் கேட்பதற்குப் பதிலாக, ‘இப்போது நிராகரிக்கிறோம், திருத்தி மறுபடி அனுப்புங்கள்’ என்று எழுதுவார்கள். அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம். ஆனால் மறுபடி அனுப்பும்போது கட்டுரைக்குப் புது எண், புதுத் தேதி. ஜனவரி 10-இல் அனுப்பியது மே மாதம் இப்படித் திரும்பி வந்து, ஜூலை 1-இல் மறுபடி போய், ஆகஸ்ட் 1-இல் ஏற்கப்பட்டால், அச்சில் தெரிவது 31 நாள். நீங்கள் காத்திருந்தது 200 நாளுக்கு மேல்.

மூன்றாவது எண், ஏற்பு விகிதம். 1,000 கட்டுரை வந்து, 500 டெஸ்க் ரிஜெக்ட் ஆகி, மதிப்பீட்டுக்குப் போன 500-இல் 200 ஏற்கப்பட்டால், விகிதம் 20% என்றும் சொல்லலாம், 40% என்றும் சொல்லலாம். எதை எதால் வகுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு இதழ்களை ஒப்பிடும்போது இந்தத் தகவல் இல்லாவிட்டால் ஒப்பீட்டுக்கே அர்த்தமில்லை.

நாள் கணக்கு துறைக்குத் துறையும் மாறும். கணிதத்தில் ஒரு நிரூபணத்தை வரி வரியாகச் சரிபார்க்கணும். அங்கே ஒரு வருஷக் காத்திருப்பு யாருக்கும் ஆச்சரியமில்லை. அதே காலம் மருத்துவ இதழில் ஆனால் ஏதோ சிக்கல் என்று அர்த்தம்.

வேகமாக வந்தால் சந்தேகப்படணுமா?

வேகத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. மறுபடியும் ஈர்ப்பு அலைகளுக்கே வருவோம். 2015 செப்டம்பர் 14-இல் லைகோ ஆய்வுக்கூடம் அந்த அலையை முதன்முதலாகப் பதிவு செய்தது. கட்டுரை ‘ஃபிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்’ இதழுக்கு வந்தது 2016 ஜனவரி 21. மதிப்பீடு முடிந்து வெளியானது பிப்ரவரி 11. வெறும் 21 நாள். இந்திய ஆய்வு நிறுவனங்களைச் சேர்ந்தவர்களும் அதன் ஆசிரியர் பட்டியலில் இருக்கிறார்கள். அனுப்பும் முன்பே பல மாதம் உள்ளுக்குள் சோதித்துப் பார்த்த கட்டுரை அது.

இன்னொரு பக்கம், 2020 மே 22-இல் ‘லான்செட்’ இதழில் வந்த கட்டுரை. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுக்கப்பட்ட கொரோனா நோயாளிகளிடம் இறப்பு அதிகம் என்றது. மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்துப் பிரிவை நிறுத்தி வைத்ததாக அறிவித்தது. ‘சர்ஜிஸ்ஃபியர்’ என்ற நிறுவனம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட மருத்துவமனைத் தரவுகளைச் சுயேச்சையாகச் சரிபார்க்க முடியவில்லை. ஜூன் 4-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மிகவும் மதிக்கப்படும் இதழ், மதிப்பீடும் நடந்தது. ஆனால் மூலத் தரவை யாரும் பார்க்கவில்லை.

பணம் பறிக்கும் போலி ஆய்விதழ்களின் கதை வேறு. 2013-இல் ‘சயின்ஸ்’ இதழுக்காக ஜான் போஹனன் என்ற செய்தியாளர், அடிப்படைத் தவறுகள் நிறைந்த ஒரு போலிக் கட்டுரையை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன, 98 நிராகரித்தன. இந்தியாவைத் தளமாகக் கொண்டவற்றில் 64 ஏற்றன, 15 மட்டுமே நிராகரித்தன. பெரும்பாலானவை கட்டுரையை யாரும் படித்ததற்கான அறிகுறியே இல்லாமல் முடிவைச் சொன்னவை.

பெரிய பதிப்பகப் பெயரும் காப்பாற்றாது. ஹிண்டாவி பதிப்பகத்தை வைலி நிறுவனம் 2021-இல் சுமார் 29.8 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் சிறப்பிதழ்களில் விருந்தினர் எடிட்டர்கள் வழியாகவும் போலி மதிப்பீடுகள் வழியாகவும், காசுக்குத் தயாரிக்கப்பட்ட கட்டுரைகள் நுழைந்திருந்தது பிறகு தெரிந்தது. 2023-இல் மட்டும் 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பரில் ஹிண்டாவி என்ற பெயரையே கைவிடுவதாக வைலி அறிவித்தது. அவற்றில் நேர்மையாக எழுதி, நம்பி அனுப்பியவர்களின் கட்டுரைகளும் வெளிவந்தன. தங்கள் கட்டுரை வந்த இதழுக்கு ஏற்பட்ட அவப்பெயர் அவர்கள் பயோடேட்டாவிலும் ஒட்டிக்கொண்டது.

அனுப்பும் முன் எதைப் பார்க்கலாம்?

ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

1. தேதிகளை எடுங்கள். அந்த இதழில் கடைசியாக வந்த 15 அல்லது 20 கட்டுரைகளைத் திறங்கள். பெரும்பாலான இதழ்கள் முதல் பக்கத்திலோ கடைசியிலோ ‘வந்தது, திருத்தியது, ஏற்றது’ என்று மூன்று தேதி போடும். அவற்றைக் குறித்து நடுவில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். விளம்பர எண்ணைவிட இது உங்களுக்கு உதவும். ஆனால் இது ஏற்கப்பட்ட கட்டுரைகளின் கணக்கு மட்டும்தான் என்பதை மறக்கவேண்டாம். தேதியே இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

2. தேதிகள் எல்லாம் ஒரே அச்சாக இருக்கிறதா? எந்தத் தலைப்பாக இருந்தாலும் 7 நாளில் ஏற்பு, திருத்திய தேதியே இல்லை என்றால் ஜாக்கிரதை. உண்மையான மதிப்பீட்டில் ஒரு கட்டுரை சீக்கிரம் முடியும், இன்னொன்று இழுத்தடிக்கும்.

3. எடிட்டர்கள் உண்மையானவர்களா? குழுவில் இருப்பவர்களில் இரண்டு பேரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், இந்த இதழின் பெயர் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். சம்மதம் கேட்காமலே பெயரைப் போட்டுக்கொள்ளும் இதழ்கள் உண்டு.

4. சிறப்பிதழ்கள் எத்தனை? வழக்கமான இதழ்களைவிடச் சிறப்பிதழ்கள்தான் அதிகம் என்றால், விருந்தினர் எடிட்டர்களை யார் கண்காணிக்கிறார்கள் என்று கேட்கணும்.

5. ஐஎஸ்எஸ்என் எண்ணை வைத்து ஏமாற வேண்டாம். அது ஒரு அடையாள எண், தரச் சான்றிதழ் இல்லை. இம்பேக்ட் ஃபேக்டர் என்ற பெயரைச் சொல்லி வேறு ஏதோ எண்ணைப் போடுபவர்களும் இருக்கிறார்கள். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ், டிஓஏஜே ஆகியவற்றில் இருப்பதாகச் சொன்னால், அந்தந்தத் தளத்திலேயே போய்த் தேடுங்கள். உண்மையான இதழின் பெயரில் நடக்கும் நகல் இணையதளங்களும் உண்டு.

6. கட்டணம் எப்போது? மதிப்பீடு தொடங்கும் முன்பே முழுப் பணத்தைக் கேட்டு, கட்டினால் உடனே ஏற்புக் கடிதம் என்றால், அங்கே மதிப்பீடு என்ற ஒன்று நடக்கப்போவதில்லை.

அனுப்பிய பின் என்ன செய்யலாம்?

மெயில் போடலாம். கேட்டதற்காக நிராகரிப்பது முறையான எந்த இதழிலும் வழக்கம் இல்லை. இதழ் தன் பக்கத்தில் சொன்ன காலம் தாண்டிய பிறகு, அப்படி எதுவும் சொல்லியிருக்காவிட்டால் மூன்று மாதம் போல ஆன பிறகு, சுருக்கமாகக் கேளுங்கள். கட்டுரை எண், அனுப்பிய தேதி, திரையில் தெரியும் நிலை, இவற்றோடு ஒரே ஒரு கேள்வி: ‘மதிப்பீட்டாளர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்களா, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறீர்களா?’ எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் காத்திருப்பதா, வேண்டாமா என்று முடிவெடுக்க முடியும். ஃபெல்லோஷிப் தேதியோ நேர்காணலோ இருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லலாம்.

இன்னும் தேடுகிறோம் என்று பதில் வந்தால், பொருத்தமான மதிப்பீட்டாளர்களின் பெயர்களைப் பரிந்துரைக்கலாமா என்று கேளுங்கள். கூட எழுதியவர், அதே துறையில் வேலை செய்பவர், நண்பர் என்று யாரையும் கொடுக்கக் கூடாது. நிறுவன மின்னஞ்சலை மட்டும் கொடுங்கள். 2014-இல் சேஜ் பதிப்பகம் ‘ஜர்னல் ஆஃப் வைப்ரேஷன் அண்ட் கன்ட்ரோல்’ என்ற ஒரே இதழில் 60 கட்டுரைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. போலிக் கணக்குகளை உருவாக்கி மதிப்பீட்டையே கைக்குள் போட்டுக்கொண்டதுதான் காரணம். அதிலிருந்து எடிட்டர்கள் ஜிமெயில் முகவரிகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

பொறுக்க முடியவில்லை என்று இன்னொரு இதழுக்கும் சேர்த்து அனுப்புவது மட்டும் வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு இதழில் கட்டுரை இருப்பது நெறிமுறை மீறல். இரண்டிலும் ஒரே மதிப்பீட்டாளரிடம் போய்ச் சேர்ந்தால் அன்றைக்கே மாட்டிக்கொள்வீர்கள். வெளியேற வேண்டுமென்றால் எழுத்தில் திரும்பப் பெற்று, உறுதி மெயில் வந்த பிறகு அடுத்த இதழுக்குப் போங்கள்.

துறை அனுமதித்தால், கட்டுரையை ப்ரீபிரிண்ட்டாகப் போடுவது தாமதத்தின் பாதிப்பைக் குறைக்கும். 1991-இல் தொடங்கிய ஆர்க்கைவ் தளம் இயற்பியல், கணிதம், கணினி அறிவியலுக்கும், 2013-இல் தொடங்கிய பயோஆர்க்கைவ் உயிரியலுக்கும் இருக்கின்றன. யார் முதலில் சொன்னார்கள் என்பதற்குத் தேதியோடு சாட்சி கிடைக்கும். ஆனால் இதழின் விதி அதை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நிராகரிப்பு வந்தால், மதிப்பீட்டாளர் ஒரு உண்மைத் தகவலைத் தவறாகப் படித்திருக்கிறார் என்று காட்ட முடிந்தால் மட்டும் மேல்முறையீடு செய்யலாம். ‘என் கட்டுரை நல்ல கட்டுரை’ என்பது மேல்முறையீடு ஆகாது. நடைமுறையிலேயே முறைகேடு என்றால், அந்த இதழ் கோப் என்று அழைக்கப்படும் பதிப்பு நெறிமுறைக் குழுவில் உறுப்பினராக இருந்தால் அங்கே எடுத்துச் செல்லலாம். 1997-இல் தொடங்கிய இந்த அமைப்பு இதழ் தன் நடைமுறையைப் பின்பற்றியதா என்று பார்க்கும். உங்கள் கட்டுரையை ஏற்கச் சொல்லி உத்தரவு போடாது.

அடுத்த அழைப்பு உங்களுக்கு வரலாம்

முதல் கட்டுரை வெளியான சில மாதங்களில் உங்களுக்கே ஒரு மெயில் வரும்: ‘இந்தக் கட்டுரையை மதிப்பிட முடியுமா?’ நேரம் இல்லை என்றால் இல்லை என்று சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் அதை இரண்டு நாளுக்குள் சொல்லுங்கள், முடிந்தால் வேறு ஒருவரின் பெயரையும் சேர்த்து. பதிலே போடாமல் விட்டால் எடிட்டர் 10 நாள் காத்திருப்பார். அந்த 10 நாளும் எங்கோ ஒரு ஆய்வாளரின் திரையில் ‘அண்டர் ரிவியூ’ என்றுதான் தெரிந்துகொண்டிருக்கும்.